மூன்றாம் வரிசையில் ஒரு வெள்ளைப் புடவை

முடியாது என்று நான் ஒரு சொல் சொல்லியிருந்தால் அந்த ஆண்டு எங்களுக்கு எந்தத் தொல்லையும் வந்திராது என்று என் அண்ணன் இன்றும் சொல்கிறார். அவர் சொல்வது உண்மை. அந்தச் சொல்லை நான் சொல்லாததால் ஸ்ரீரங்கத்துச் சத்திரம் ஒன்றின் வாசல் இரண்டு ஆண்டுகள் எங்களுக்கு அடைபட்டிருந்தது. ஆயினும் இன்று அதே கேள்வியைக் கேட்டாலும் என் பதில் மாறாது. ஏன் மாறாது என்பதை யாரிடமும் நான் முழுமையாகச் சொன்னதில்லை. பேசுவதைவிட எழுதுவது எனக்குக் கைவரும் என்பதால் எழுதுகிறேன்.

அண்ணன் கல்யாணங்களுக்குப் படம் எடுப்பவர். திருச்சித் தெப்பக்குளத்துக்கு அருகில் ஒரு பாத்திரக் கடையின் மாடியில் அவருடைய ஸ்டுடியோ. நான் அப்போது கல்லூரியில் தமிழ் இலக்கியம் படித்துக்கொண்டிருந்தேன். வகுப்புக்குப் போகுமுன் இரண்டு மணி நேரம் அந்த மாடியின் வடக்கு ஜன்னலடியில் உட்கார்ந்து டச்சிங் வேலை செய்வேன். கண்ணாடித் தகட்டில் பதிந்திருக்கும் முகங்களை ஊசிபோல் சீவிய பென்சிலால் புள்ளி புள்ளியாகத் தொட்டு, அம்மைத் தழும்பையும் கண்ணுக்கடியில் விழும் கருமையையும் தணிக்கும் வேலை அது. எதையேனும் அடியோடு நீக்க வேண்டுமானால் பென்சில் உதவாது. சிறு கத்தியால் தகட்டின் மேற்பூச்சைச் சுரண்ட வேண்டும். முன்பு இவ்வேலையைச் செய்தவர் சென்னைக்குப் போய்விட்டார். அண்ணனுக்குக் கை வியர்க்கும். வியர்த்த விரல் பட்டால் தகடு பாழ். ஆகவே அந்த மேஜைக்கு நான் வந்தேன். வாய் திறவாமல் செய்யக்கூடிய வேலை என்பதால் எனக்கு அது பிடித்தும் இருந்தது.

கல்யாண வேலைக்காரர்கள் ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைப்பதில்லை. நாகசுரக்காரர் ‘மேளம்’. பந்தல் போடுபவர் ‘பந்தல்’. சமையலை ஒப்பந்தமாக எடுத்துச் செய்யும் ஸ்ரீரங்கத்துக்காரர் ‘சமையல்’. மாலையும் சடையும் கட்டித் தரும் அம்மாள் ‘பூ’. அண்ணன் ‘போட்டோ’, நான் ‘போட்டோ தங்கச்சி’. ஒருவருக்கு ஒரு முகூர்த்தம் கிடைத்தால் மற்றவர்களுக்கும் சொல்லி அனுப்புவது அவர்களுடைய வழக்கம். இந்தக் கூட்டத்தின் பாதிப் பிழைப்பு அம்மா மண்டபச் சாலையில் இருந்த அந்தச் சத்திரத்தில் நடந்தது. அதன் நிர்வாகம் திருச்சியில் வெங்காய மண்டி வைத்திருந்த ஒருவர் கையில் இருந்தது. யாருக்கு வேலை, யாருக்கு இல்லை என்பது அவர் வாய்ச்சொல். அந்த ஆண்டு தை மாதத்தில் அவருடைய மகனுக்கே அங்கே கல்யாணம்.

பெண் வையம்பட்டிப் பக்கத்து விவசாயக் குடும்பம். அவளுக்குத் தகப்பனார் இல்லை. சிறு வயதிலேயே கணவனை இழந்த தாய், தனியாளாக நிலத்தைப் பார்த்து மகளை வளர்த்திருந்தார். ஆனால் மணவறையில் உட்கார்ந்து தாரை வார்த்தவர்கள் தாய்மாமனும் அவர் மனைவியும். தாய் விடிந்ததிலிருந்து சமையற்கட்டுப் பக்கம் இருந்தார். வர வேண்டாம் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையே யாருக்கும் இருக்கவில்லை. தாலி கட்டும் நேரத்தில் கெட்டிமேளச் சத்தத்தை அவர் அரிசி மூட்டைகளுக்கு நடுவே நின்று கேட்டார் என்பதைப் பின்னால் ‘சமையல்’ சொல்லித்தான் அறிந்தேன்.

கல்யாணங்களுக்கு நானும் போவேன். பெண்கள் வரிசையில் முந்தானையைச் சரிசெய்யவும், சங்கிலியை வெளியே எடுத்துவிடவும் ஆண் கை ஆகாது. அன்று முகூர்த்தம் முடிந்து முற்றத்தில் வெயில் நன்றாக விழுந்ததும் குடும்பப் படத்துக்கு ஆட்களை நிறுத்தினோம். ஜமுக்காளத்தில் குழந்தைகள், நாற்காலிகளில் மணமக்களும் பெரியவர்களும், பின்னால் நிற்பவர்களின் மூன்றாம் வரிசை. நாற்காலி வரிசையின் இடது கோடியில் மாப்பிள்ளையின் மாமா உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் சமையற்கட்டுக்குப் போகும் கதவு திறந்து, உள்ளே இருட்டாகக் கிடந்தது.

அண்ணன் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டார். காமிராவின் பின்கண்ணாடியில் உருவங்கள் தலைகீழாகத் தெரியும். எவர் எவர் என்று பார்ப்பதில்லை. எங்கே இடம் காலி, எங்கே தோள் வெட்டுப்படுகிறது என்று மட்டுமே பார்ப்பார்கள். பாதி உடல் தெரியும்படி ஒருவர் நின்றால் அண்ணனுக்கு ஆகாது.

“அந்தக் கதவோரம் யாரு? பாதியா நிக்காதீங்க. ஒண்ணு உள்ள போங்க, இல்லாட்டி வரிசைக்கு வாங்க. எடம் இருக்கு, வாங்க வாங்க!” என்று துணிக்குள்ளிருந்து கத்தினார். உடனே வழக்கமான அடுத்த கட்டளையையும் போட்டார்: “மத்தவங்க யாரும் திரும்பக் கூடாது. திரும்பினா படம் கெட்டுரும். இங்க பாருங்க, இங்க!”

கதவோரம் நின்றவர் பெண்ணின் தாய். மகளை எட்டிப் பார்க்க வந்திருந்தார் போலும். அழைப்பைக் கேட்டதும் திடுக்கிட்டார். பின்வாங்கவும் இல்லை, முன்னே வரவும் இல்லை. காமிராவுக்குப் பக்கத்தில் நின்றிருந்த என்னைப் பார்த்தார். வரலாமா என்று கேட்கும் பார்வை.

நான் தலையசைத்தேன்.

அவர் ஒரே அடியில் வரிசைக்குள் வந்து நிமிர்ந்து நின்றார். நாற்பது பேரும் படம் கெட்டுவிடும் என்ற பயத்தில் காமிராவைப் பார்த்தபடி இருந்தார்கள், ஒருவரும் திரும்பவில்லை. அண்ணன் மூடியைக் கழற்றி, மூன்று எண்ணி, மூடினார். வரிசை கலைவதற்குள் அந்த அம்மாள் கதவுக்குள் போய்விட்டார்.

நான்காம் நாள் படத்தை அச்சிட்டபோது அண்ணன் ஈரம் காயாத காகிதத்தைப் பார்த்துத் திகைத்தார். பின்னால் இருட்டுக் கதவு; அதன் முன் வெள்ளைப் புடவை. மணமகளின் பட்டுப்புடவையைவிட அதுவே பளிச்சென்று முன்னே வந்தது.

“இது யாரு?”

“பொண்ணோட அம்மா. நீங்கதான் கூப்பிட்டீங்க.”

“எனக்குத் தலைகீழா ஒரு ஆளு தெரிஞ்சுது, அவ்வளவுதான். நீ பாத்தியா?”

“பார்த்தேன்.”

“பாத்துட்டுச் சும்மா இருந்தியா?”

“சும்மா இல்லை. வாங்கன்னு தலையாட்டினேன்.”

அண்ணன் காகிதத்தைக் காயப் போட்டார். ஒருவேளை அவர்கள் கவனிக்காமல் விட்டுவிடலாம் என்று தமக்கே சொல்லிக்கொண்டு, மாதிரிப் படத்தை மண்டிக்காரர் வீட்டுக்கு அனுப்பினார்.

மறுநாள் மாடிப்படியில் மூச்சிரைக்க ஏறி வந்தவர் ‘சமையல்’. அவருக்குப் பின்னால், வேறொரு கல்யாணத்துக்கு நேரம் கேட்க வந்த ‘பூ’வும் ஏறி வந்தார்.

“ஓய் போட்டோ, என்னங்காணும் பண்ணி வெச்சிருக்கீர்? மண்டிக்காரர் ஆத்துல பெரிய அமர்க்களம். அந்த வெள்ளைப் பொடவையை எடுத்துட்டுத்தான் படம் வரணுமாம். இல்லேன்னா இந்த மாசி முகூர்த்தத்துக்குப் போட்டோ மட்டுமில்லே, உம்ம சிநேகிதாள் யாருமே சத்திரத்துக்குள்ள வரப்படாதாம். என் அடுப்பையும் சேர்த்து அணைச்சுட்டீரே!”

“ஓரத்தை வெட்டி அச்சுப் போட்டுறலாமே சாமி?” என்றார் அண்ணன்.

“வெட்டினா முன்னாடி உட்கார்ந்திருக்கற மாமாவும் பாதி போயிடுவார். அவர் மண்டியில கூட்டாளி. பாதி மாமாவை வெச்சுண்டு அவா என்ன பண்ணுவா?”

‘பூ’ சிரித்தார். “சாமி, நான் ஒண்ணு கேக்கறேன். அன்னைக்கு மாப்பிள்ள கழுத்துல கெடந்த மாலை யாரு கட்டுனது?”

“நீதான்.”

“எம்புருசன் போயி ஒம்பது வருசம் ஆச்சு. அந்த மாலைக்கு ஒண்ணும் ஆவல. அந்தம்மா சும்மா நின்னதுக்கு ஆயிருமா?”

“மாலைக்கு முகம் இல்லையேடி!”

“அப்ப முகத்தைப் பாத்துத்தான் பயம்னு சொல்லுங்க.”

‘சமையல்’ என் பக்கம் திரும்பினார். “கொழந்தே, ஒரு ஆளைச் சுரண்டறது உனக்கு எவ்வளவு நாழி?”

அப்போது அண்ணனுக்கு ஒரு யோசனை வந்தது. அவர் முகம் தெளிந்தது. “சுரண்ட வேண்டாம். கத்தி வெச்சா தகடு விரிசல் விட்டு மொத்தப் படமும் போயிரும்னு சொல்லிடலாம். அவருக்கு வெங்காயம் தெரியும், தகடு தெரியுமா? டச்சிங் பண்றவ நீ. ‘முடியாதுங்க’ன்னு ஒரு வார்த்தை சொல்லு, நம்பிடுவாரு. அந்தம்மாவும் படத்துல இருப்பாங்க, நம்ம பொழப்பும் இருக்கும்.”

நல்ல யோசனை என்றே மற்ற இருவருக்கும் பட்டது. எனக்கும் ஒரு கணம் அப்படித்தான் பட்டது. அன்றிரவு தகட்டை மேஜையில் வைத்துப் பார்த்தேன். தகட்டில் வெளிச்சமும் நிழலும் இடம் மாறியிருக்கும்: வெள்ளைப் புடவை அடர்ந்த கறுப்பு, இருட்டுக் கதவு தெளிந்த கண்ணாடி. அந்தக் கறுப்பைக் கண்ணாடி தெரியும்வரை சுரண்டினால் போதும், அச்சில் அவர் கதவின் இருட்டோடு இருட்டாகிவிடுவார். எளிய வேலை. முடியும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

அந்த வாரம்தான் வகுப்பில் எங்கள் ஆசிரியை ஏடு பெயர்த்தெழுதுவோரைப் பற்றிச் சொல்லியிருந்தார். செல்லரித்த வரிக்கு ஏட்டில் ஓட்டையாவது இருக்கும். பெயர்த்தெழுதியவன் வேண்டாமென்று விட்ட வரிக்கு ஓர் அடையாளமும் இராது. நான் கத்தி எடுத்தால் செய்வது இரண்டாவது வேலை. ஆனால் முடியாது என்று பொய் சொன்னால்? அந்த அம்மாள் படத்தில் இருப்பது தகட்டின் குறையாகிவிடும். துடைத்தும் போகாத கறையைப் பொறுத்துக்கொள்வதுபோல அவரை அந்த வீட்டுச் சுவரில் பொறுத்துக்கொள்வார்கள். பார்க்கிறவர்களிடமெல்லாம், “எடுக்கத்தான் சொன்னோம், முடியலையாம்” என்பார்கள். மகளின் கல்யாணப் படத்தில் தாய் நிற்பதற்கு ஒரு மன்னிப்பு தேவையில்லை. அந்த மன்னிப்பை எழுதிக் கொடுக்கும் கை என்னுடையதாக இருக்க நான் சம்மதிக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து மண்டிக்காரரே வந்தார். கதர்ச் சட்டை, நெற்றியில் திருநீறு. உரத்துப் பேசாத மனிதர். அண்ணன் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அவர் மாதிரிப் படத்தை மேஜையில் வைத்து என்னை நேராகவே கேட்டார்.

“நீதான் அந்த வேலை பார்க்கறியாம்மா? இந்தம்மாவை இதுல இருந்து எடுக்க எவ்வளவு நாளாகும்?”

“ஒரு காலைப்பொழுது ஆகுங்க.”

அண்ணன் இருமினார்.

“அப்ப முடியும்.”

“முடியும்.”

“நல்லது. பண்ணிடு.”

“பண்ண மாட்டேங்க.”

அவர் கோபப்படவில்லை. சரக்கில் எங்கோ சொத்தை இருக்கிறதென்று தேடுபவரைப்போல என் முகத்தைப் பார்த்தார். “ஏன்?”

“அவங்க பொண்ணோட அம்மா. தானா வரலை. கூப்பிட்டோம், வந்து நின்னாங்க.”

“கூப்பிட உங்களுக்கு யாரும்மா அதிகாரம் குடுத்தது?”

“படத்துல யார் எங்க நிக்கணும்னு சொல்றது எங்க வேலைங்க.”

இதைச் சொல்லும்போது என் குரல் நடுங்கியது. நடுங்கியது என்பதற்காகச் சொன்னது பொய்யாகிவிடாது. அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மண்டிக்காரர் படத்தைக் கையில் எடுத்தார். பிறகு, “அந்தம்மாவே வந்து எடுத்துடுன்னு சொன்னா?” என்றார்.

அதை நான் எதிர்பார்த்திருக்கவில்லை. ஆனால் அதற்கு ஒரு பதில்தான் உண்டு. “அவங்க சொன்னா எடுத்துடறேன்.”

“சரி. இருக்கட்டும்னு அவங்க சொல்லிட்டா நானும் அதுக்கு மேல பேசமாட்டேன். மண்டியில சொல்லு ஒண்ணுதான்.”

அவர் இறங்கிப் போனதும் அண்ணன் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். “பெரிய வக்கீலு! பொண்ணைக் குடுத்தவங்க என்ன சொல்வாங்கன்னு உனக்குத் தெரியாதா? கத்தியைத் தீட்டி வெச்சுக்க.”

தெரியும். வாக்குக் கொடுத்திருந்தேன், ஆகவே கத்தியைத் தீட்டியும் வைத்தேன்.

சனிக்கிழமை காலை அந்த அம்மாள் வந்தார். பஸ் நிலையத்திலிருந்து மண்டிக் கணக்குப்பிள்ளை அழைத்து வந்தார். வாசலிலேயே செருப்பில்லாத கால்களைத் தட்டிவிட்டு, மாடிப்படி முடியும் இடத்தில் நின்றுகொண்டார். உள்ளே வந்து உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. நான் ஒன்றும் கேட்குமுன்பே சொன்னார்: “எடுத்துரும்மா. எம்பொண்ணு அங்க பொழைக்கணும்.”

கணக்குப்பிள்ளை என்னைப் பார்த்தார். நான், “எடுத்துடறேன்மா. படத்தை ஒரு தடவை பார்த்துட்டுச் சொல்லுங்க,” என்றேன்.

அவர் கையைப் புடவையில் நன்றாகத் துடைத்துக்கொண்டு படத்தை வாங்கினார். முதலில் மகளைக் கண்டார். நகம் படாமல் விரலை அவள் முகத்துக்கு மேலே நிறுத்தி, “சிரிக்கிறா,” என்றார். பிறகு தம்பியை, தம்பி மனைவியை, சம்பந்தியை அடையாளம் கண்டுகொண்டே போனார். இடது கோடிக்கு வந்ததும் விரல் நின்றது.

“இது யாரு?”

“நீங்கதான்.”

அவர் ஜன்னல் வெளிச்சத்துக்கு வந்தார். அதுவரை அவர் எந்தப் படத்திலும் நின்றதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. தம்மை மற்றவர்களுக்கு நடுவில் வைத்துப் பார்ப்பது அவருக்கு அதுவே முதல் முறை.

“நான் இம்புட்டு ஒசரமா?”

“ஆமாம். அந்த வரிசையில உங்களைவிட உயரம் உங்க தம்பி மட்டும்தான்.”

“அவன் குனிஞ்சுல்ல நிக்கிறான்,” என்று சொல்லிவிட்டு மறுபடியும் பார்த்தார். “என்னைய எடுத்துட்டா இந்த எடத்துல என்ன இருக்கும்?”

“ஒண்ணும் இருக்காது. கதவோட இருட்டு இருக்கும்.”

“வெறும் கதவா?”

“வெறும் கதவுதான்.”

கணக்குப்பிள்ளை பொறுமையிழந்தார். “பஸ்ஸுக்கு நேரமாச்சும்மா. ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்க.”

அந்த அம்மாள் படத்தை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். கொடுத்த பிறகும் அவர் கண் அதிலேயே இருந்தது. நான் கத்தியைப் பார்க்கவில்லை. அவரையும் பார்க்காமல் இருக்க முயன்றேன். என் தலையசைப்பால் அவர் ஒருமுறை நகர்ந்தது போதும். இம்முறை அவர் முடிவு அவருடையதாக இருக்க வேண்டும்.

“இருக்கட்டும்,” என்றார்.

“என்னம்மா இருக்கட்டும்?” என்றார் கணக்குப்பிள்ளை.

“நான் நிக்கிறது இருக்கட்டும். பெத்தவ நின்னா, நின்னதுதான். போயிச் சொல்லுங்க.”

“சம்பந்தி என்ன சொல்வாரோ?”

“எம்மக கிட்ட ஒண்ணும் சொல்ல வேணாம்னு சொல்லுங்க. எதுவா இருந்தாலும் எங்கிட்ட வந்து பேசட்டும். வையம்பட்டிக்கு பஸ்ஸு போகுதுல்ல?”

கணக்குப்பிள்ளை இறங்கினார். அந்த அம்மாள் அவருக்குப் பின்னால் இரண்டு படி இறங்கி நின்று, “தங்கச்சி, அவ கண்ணுக்கு அடியில கறுப்பா இருக்கு. ராத்திரியெல்லாம் தூங்கல. அதை மட்டும் கொஞ்சம் பாரு,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

பார்த்தேன். திங்கட்கிழமை படம் முடிந்தது. பின்வாசல் வழியாகக் கொடுத்துவிட்டு வந்துவிடும்படி அண்ணன் சொன்னார். கல்யாணப் படம் பின்வாசல் வழியாகப் போவதில்லை என்று சொல்லிவிட்டு நானே எடுத்துக்கொண்டு போனேன். மண்டிக்காரர் கூடத்து ஊஞ்சலில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், தாளைத் தாழ்த்தாமலே, “சொல்லு சொல்லுதான். படம் வீட்டுக்கு வரட்டும். சத்திரத்துக்கு வேற ஆள் பார்த்தாச்சுன்னு உங்க அண்ணன் கிட்ட சொல்லிடு,” என்றார்.

“சொல்லிடறேங்க. சமையலுக்கும் பூவுக்கும் இதுல பங்கு இல்லைங்க. செஞ்சது நாங்க ரெண்டு பேரும்தான்.”

அவர் அதற்கு ‘ம்’ என்று மட்டும் சொன்னார். அந்த ‘ம்’மினால் ‘சமையல்’ அடுப்பு அணையாமல் தப்பியது. எங்களுக்குத்தான் வாசல் அடைபட்டது. அடுத்த ஆண்டுகளில் அண்ணன் மாதாகோயில் கல்யாணங்களுக்கும் சமயபுரத்துக்கும் காமிராவைச் சுமந்து அலைந்தார். அந்த அலைச்சலுக்கு நான் காரணம். அதை மறுக்கவில்லை, அதற்காக வருந்தவும் இல்லை.

படத்தைக் கொடுக்கும்போது மணமகளின் கையிலேயே கொடுக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். உள்ளேயிருந்து அவள் வந்தாள். பழுப்புத் தாளைப் பிரித்து நீட்டி, எல்லாப் படத்துக்கும் சொல்வதையே சொன்னேன்: “எல்லாரும் இருக்காங்களா, பார்த்துக்குங்க.”

அவள் குழந்தைகளிலிருந்து தொடங்கி வரிசை வரிசையாகப் பார்த்தாள். இடது கோடியில் அவள் கண் நின்றது. ஊஞ்சல் ஓசை நின்றிருந்தது. செய்தித்தாளின் பக்கமும் புரளவில்லை.

“எல்லாரும் இருக்காங்க,” என்றாள்.

நான் திரும்பினேன். வாசற்படி தாண்டுமுன் அவள் குரல் கூடம் முழுக்கக் கேட்கும்படி பின்னால் வந்தது. “அக்கா, இதுல இன்னொரு காப்பி போடுங்க. எங்கம்மாவுக்கு அனுப்பணும்.”